காலை ஏழரை மணி வயிற்றுவலி

என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், ஆடி மாதத்தில் அவளுக்கு வயிறு வலிக்கத் தொடங்கியது. காலை ஏழரை மணிக்குத் தலை பின்னி, சாக்ஸ் போட்டு, ஷூவுக்குள் ஒரு காலை நுழைத்ததும் வலி வந்துவிடும். பள்ளி வேன் தெருமுனையைத் தாண்டிப் போனபின் மெதுவாகத் தணியும். பத்து மணிக்கு உட்கார்ந்து தோசை சாப்பிடுவாள்.

நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஆபீசில் இருக்கிறேன். வந்திறங்கும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் சரிசெய்து கன்டெய்னரை வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலை. எட்டு மணிக்கே போன் அடிக்கத் தொடங்கிவிடும். என் மனைவி ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள்; அவளுக்கும் காலையில்தான் கூட்டம். யார் லீவு போடுவது என்று தினமும் சண்டை.

"நடிக்கா. ரெண்டு நாள் கண்டுக்காம விடு, சரியாயிரும்" என்றேன். அழ அழ வேனில் ஏற்றிவிட்டேன். பாதி வழியில் வாந்தி எடுத்திருக்கிறாள். சாயங்காலம் வேன் டிரைவர் வீட்டு வாசலில் நின்று, "அண்ணாச்சி, நாளையிலேருந்து புள்ளைய நீங்களே கொண்டு விட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு டாக்டர்கள். ரத்தம், சிறுநீர், ஸ்கேன். ஒவ்வொருவரும் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து "ஒண்ணுமில்லை" என்றார்கள். ஏதாவது இருக்கிறது என்று யாராவது சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இருந்தால் மருந்து கொடுக்கலாம். இல்லாததற்கு என்ன கொடுப்பது? இதற்குள் தெருவே வைத்தியம் சொல்ல ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டில் புரோட்டாவை நிறுத்தச் சொன்னார்கள். ஆபீசில் ஓமத்தண்ணீர் என்றார்கள். புன்னைக்காயலில் இருக்கும் என் அக்கா, கோவிலில் மந்திரித்த எண்ணெயை ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவந்து, "ஏலே, புள்ள நல்லாப் படிக்கா, கிளாஸ் லீடரு வேற. கண்ணு பட்டிருக்கு" என்று தடவிவிட்டுப் போனாள்.

மூன்றாவதாகப் பார்த்த குழந்தை டாக்டர்தான் வேறுமாதிரி பேசினார். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேன்னா வலி பொய்யின்னு அர்த்தமில்ல சார். மனசுல எதாவது பாரம் இருக்கலாம். குழந்தைங்களுக்கான மனநல ஆலோசகர் ஒருத்தங்க இருக்காங்க, ஒருதடவ பார்த்துட்டு வாங்க."

படியிறங்கும்போதே நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். "எட்டு வயசுப் புள்ளைக்கு மனசுல என்ன பாரம்? இவ என்ன கப்பல்ல சரக்கா எறக்குதா?" மகள் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டே இறங்கினாள். மனைவி அன்றே போன் செய்து நேரம் வாங்கிவிட்டாள்.

விஷயம் தெரிந்து அக்கா போனில் வந்தாள். "பொம்பளப் புள்ளைய அங்கன எல்லாம் கூட்டிட்டுப் போனா நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"இன்னைக்கு வயிறு வலிக்குதே மைனி, அதுக்கு நாலு பேரும் என்ன சொல்லுதாவ?" என்று மனைவி கேட்டாள். அக்கா போனை வைத்துவிட்டாள். ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண். எங்கள் ரிப்போர்ட் பையை அவர் திறக்கக்கூட இல்லை. மகளிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அப்புறம், "உனக்கு வயிறு எப்பல்லாம் வலிக்காது?" என்றார்.

இரண்டு மாதமாக எல்லோரும் எப்போது வலிக்கும் என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம. பொறவு, எங்க மிஸ் லீவு போட்டா வலிக்காது."

"மிஸ் அடிக்காங்களா?" நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். ஆலோசகர் என்னைப் பார்க்காமலே கையை மட்டும் உயர்த்தினார். உட்கார்ந்தேன்.

"மிஸ் நல்ல மிஸ்" என்றாள் மகள். "மிஸ் வெளிய போகையில பேசுறவங்க பேர போர்டுல எழுதச் சொல்லுவாங்க. நான்தான் லீடரு. எழுதுனா மத்தியானம் யாரும் எங்கூட சேந்து சாப்பிட மாட்டாங்க. எழுதலன்னா மிஸ் கேப்பாங்க. ஒருநாள் என் ஃப்ரெண்ட் பேர எழுதிட்டு அழிச்சுட்டேன். எல்லாரும் பாத்துட்டாங்க. இப்ப அவளும் பேச மாட்டா, மத்தவங்களும் பேச மாட்டாங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள். அவ்வளவுதான். ஸ்கேன், ஓமத்தண்ணீர், எண்ணெய், வேனில் வாந்தி எல்லாம் ஒரு சாக்பீஸ் துண்டால் வந்தது.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிட ஓங்கித்தான் வந்தது.

"நீங்க சந்தோசமா இருந்தீங்கப்பா."

அது உண்மை. அவள் சட்டையில் லீடர் பேட்ஜைக் குத்தி, போட்டோ எடுத்து, மூன்று நாள் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தவன் நான்தான். எனக்கு அங்கே யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"உங்களுக்கு ஒரு கவலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க சார்?" என்று ஆலோசகர் என்னிடம் கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்க, மனைவி சொன்னாள்: "கதவ அடிச்சுச் சாத்துவாரு." மகள் சிரித்தாள். அந்த இடத்தில் அவள் சிரித்தது அது ஒருமுறைதான்.

இனிப் பள்ளியில் சொல்லிப் பொறுப்பை மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன். கஸ்டம்ஸில் பிடித்து வைத்த கன்டெய்னரை வெளியே எடுப்பது அதைவிடச் சுலபம். வகுப்பு ஆசிரியை, "அவ மாதிரி நேர்மையா யாரும் எழுத மாட்டாங்க சார், அதனாலதான் அவளப் போட்டேன்" என்றார். அதுதான் சிக்கலே என்று சொல்லிப் பார்த்தேன். "இது ஹானர் சார், மத்த பேரன்ட்ஸ் எல்லாம் வந்து கேக்காங்க." இரண்டாம் முறை தலைமையாசிரியையிடம் போனேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் காட்டினார். மகிழ்ச்சியான மனம், கோபத்தை அடக்குவோம், பத்து எண்ணுவோம். "வருஷா வருஷம் இதுக்குன்னு ஒருநாள் நடத்துதோம் சார். உங்க பொண்ணுகூட ஒரு படம் வரஞ்சா" என்றார். நான் பத்து வரை எண்ணினேன். ஒரு பயனும் இல்லை.

மூன்றாம் முறை மனைவி போனாள். லேபிலிருந்து யூனிபார்மோடு நேராகப் போய், "பேச்ச நிறுத்துறது டீச்சர் வேலை. எம் புள்ள இங்க படிக்க வாரா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் பதில் சொல்லும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லையாம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வாரம் ஒருவர் லீடர் என்று மாற்றினார்கள். போர்டில் பெயர் எழுதுவதை நிறுத்தவில்லை. முதல் வாரமே அதில் என் மகள் பெயர் வந்தது, பேசியதற்காக. வீட்டுக்கு வந்து அதை அவ்வளவு குஷியாகச் சொன்னாள். கண்டிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

வலி அன்றோடு போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. குறைந்தது. பரீட்சைக்கு முன்னால் வரும், யாராவது உரக்கச் சண்டை போட்டால் வரும். தினமும் பத்து நிமிஷம் அவள் பேசுவதைக் கேளுங்கள், திருத்தாதீர்கள், யோசனை சொல்லாதீர்கள் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரோ பென்சிலை எடுத்தார்கள், யாரோ தள்ளினார்கள் என்பாள். என் வாய் தானாகத் திறக்கும். "நீ அப்பவே மிஸ்கிட்ட" என்று ஆரம்பிப்பேன்.

"எப்பா, சொல்லாதீங்க. கேளுங்க."

சின்ன வயதில் எனக்கும் பரீட்சைக்கு முன் தலை இடிக்கும். வெயில் என்றார்கள். நானும் வெயில் என்றே நம்பி, நாற்பது வயது வரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். கேட்பதற்கும் சொல்வதற்கும் எட்டு வயதில் என்னை யாராவது பழக்கியிருந்தால், இன்று என் மகளிடம் இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்காது. இதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் வருகிறது.

போன மாதம் ஆபீசில் கூட வேலை பார்ப்பவர், அவருடைய ஆறு வயது மகன் திடீரென்று படுக்கையை நனைக்கிறான் என்று வருத்தப்பட்டார். புதுப்பள்ளியில் சேர்த்த பிறகுதான் என்றார். நான் என் கதையை முழுக்கச் சொன்னேன். ஆலோசகர் இருக்கும் இடத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் பொம்பளப் புள்ளைங்களுக்கு அண்ணாச்சி. இவன் ராத்திரி தண்ணி நெறையக் குடிக்கான்."

எழுந்து மேசையைத் தட்டலாம் போலிருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். "சரி, பள்ளிக்கூடத்துல அவன் யாரு பக்கத்துல உக்காருதான்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.