அவருடைய கோபத்துக்கு என்னுடைய வாய்

மொழிபெயர்ப்பாளர் வேலையில் முக்கியமான விதி ஒன்றுதான்: பேசுகிறவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும், இருமலைத் தவிர எதையும் விடக்கூடாது. மாமிக்கும் மருமகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும். நான் டென்மார்க்கின் வைலே நகரில் உளவியலாளர் லொரெய்னுக்குத் தமிழையும் டேனிஷையும் மாற்றிச் சொல்கிறவள். லொரெய்ன் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். டேனிஷ்காரரைக் கட்டி இங்கே வந்து, டேனிஷிலேயே படித்துத் தொழிலில் மேலே வந்தவர். கீழே வருகிறவர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். வாயை மாற்ற முடியவில்லை.

சொல்லாதையும்

சிவபாலன் அண்ணைக்குத் தொழிற்சாலையில் வேலை. நித்திரை வரவில்லை என்று குடும்ப வைத்தியர் அனுப்பியிருந்தார். லொரெய்னுக்குக் கை கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, வேறை வெள்ளை டொக்டர் இல்லையோ? நான் கேட்டதெண்டு சொல்லாதையும்."

விதி விதிதான். கேள்வியையும் சொன்னேன், "சொல்லாதையும்" என்பதையும் சொன்னேன். ஓரளவு டேனிஷ் விளங்கும் அண்ணை என்னை முறைத்தார். லொரெய்ன் சிரித்தபடி கதிரையைக் காட்டினார். "மற்றவர்கள் நேரே என்னிடமே கேட்பார்கள். இவருக்குக் கூச்சமாவது இருக்கிறது. உட்காரச் சொல்லுங்கள்."

வாசற்படி

நித்திரை போன காரணம் மெல்ல வெளியே வந்தது. ஒரே மகள் அகல்யா, நர்ஸ். கூட வேலை செய்யும் குவாமேயைக் கட்டப்போகிறாள். பையன் நல்ல உயரம். பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். அப்பா கலியாணத்துக்கு வராவிட்டால் இனி வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"அந்தக் கறுவலை என்ரை வாசற்படி மிதிக்க விடமாட்டன்" என்றார் அண்ணை.

"அவர் சொல்கிறார்..." என்று தப்பப் பார்த்தேன். "'நான்' என்று சொல்லுங்கள்" என்றார் லொரெய்ன். சொன்னேன். அந்த மனிசியின் முகத்தைப் பார்த்து, என் வாயால், அந்தச் சொல்லையும் விடாமல் சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. லொரெய்ன் நிமிர்ந்தபடியே கேட்டுக்கொண்டார். அண்ணைதான் நிலத்தைப் பார்த்தார். "தங்கச்சி, நீர் சொல்லேக்கை அது கேக்க வடிவில்லாமல் கிடக்கு."

யென்ஸின் கலியாணப் படம்

லொரெய்ன் மாதம் ஒருமுறை குடியிருப்பு மண்டபத்தில் கூட்டுச் சாப்பாடு வைப்பார். பல நிறத்து ஆட்கள் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்று அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. வாசலில் சீட்டு எடுத்து, விழுந்த கதிரையில்தான் இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இரகசியமாகச் சீட்டை மாற்றிக்கொண்டு மச்சானோடு போய் இருந்துவிடுவார்கள்.

மனைவி செய்த ரோல்ஸோடு வந்த அண்ணைக்குச் சீட்டு மாற்ற ஆள் கிடைக்கவில்லை. லொரெய்னின் கணவர் யென்ஸுக்குப் பக்கத்துக் கதிரை. நடுவில் நான். யென்ஸ் தன் கதையைச் சொன்னார்: வெள்ளைக்காரனுக்கு மகளைத் தரமாட்டேன் என்று லொரெய்னின் அப்பா கலியாணத்துக்கே வரவில்லை. பேரப்பிள்ளை பிறந்ததும் வந்தார். ஆனால் வீட்டில் மாட்டியிருக்கும் கலியாணப் படத்தில் அவர் இல்லை. லொரெய்ன் இன்னும் அந்தப் படத்தை நின்று பார்ப்பாராம்.

அண்ணை ரோல்ஸைக் கீழே வைத்தார். "வெள்ளைக்காரனையும் வேண்டாமெண்டு சொல்லுவினமோ, தங்கச்சி?"

ஏணி

அன்று வீட்டுக்குப் போய் அண்ணை மகளுக்கு ஃபோன் எடுத்து, கலியாணத்துக்கு வருகிறேன் என்றாராம். கலியாணத்துக்கு முந்தின கிழமை மறுபடி வந்தார். முகத்தில் நித்திரை கொண்ட களை இருந்தது. பயம் வேறு இடத்துக்கு மாறியிருந்தது. டேனிஷ் வழக்கப்படி பெண்ணின் அப்பா விருந்தில் எழும்பிப் பேச வேண்டுமே. "நான் தமிழிலை பேசுறன், நீர் டேனிஷிலை சொல்லும். இப்ப ஒருக்காப் பழகுவம்."

எழும்பி நின்றார். "இவரை என்ரை வாசற்படி மிதிக்க விடமாட்டன் எண்டு நான் சொன்னனான். தாலிக்குப் பொன்னுருக்கின அண்டைக்கு இவர்தான் என்ரை வாசலிலை தோரணம் கட்டினவர். ஏணியும் கேக்கேல்லை."

"நான்" என்று தொடங்கி, ஒரு சொல்லும் விடாமல் டேனிஷில் சொன்னேன். லொரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கலியாணப் படத்தில் முன்வரிசையில் நில்லுங்கள். பின்னால் நின்றால் மாப்பிள்ளை உங்களை மறைத்துவிடுவார்."

நான் அந்த வாசலை மறித்ததற்கும், பிறகு நானே திறந்ததற்கும் எனக்கு ஒரே சம்பளம்தான் தந்தார்கள் என்பதுதான் இதில் கொஞ்சம் மனவருத்தம்.