இன்றைக்கே வாருங்கள்

டாக்டர் மகாதேவன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கோவையில் மருத்துவம் படித்தவர். நியூ ஜெர்சியில் மறுபடியும் ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சியில் முதுகு ஒடிய உழைத்தார். விசா நிபந்தனைப்படி டாக்டர் கிடைக்காத ஊரில் சில வருடங்கள் வேலை பார்த்தாக வேண்டும் என்பதால் டெக்ஸாஸுக்கு வந்து சேர்ந்தார். வீடு ரிச்சர்ட்சனில். மனைவி சாந்தாமணிக்கு அங்கே ஒரு டெலிகாம் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. அவருடைய கிளினிக்கோ அங்கிருந்து ஒரு மணி நேர டிரைவ். பருத்தி வயல்களும் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகளுமாகக் கிடந்த ஒரு கவுண்ட்டியின், அதாவது மாவட்டத்தின், அரசாங்க கிளினிக் அது. இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு அதை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. நிபந்தனைக் காலம் முடிந்ததும் டாலஸில் ஏதாவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

1998 வசந்தத்தில் கவுண்ட்டி ஆபீஸிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிற எவரையும் முப்பது நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். அப்போது அங்கே ஒருவர் போன் செய்தால் மூன்றரை மாதம் கழித்துத்தான் தேதி கிடைக்கும். இருந்ததே இரண்டு டாக்டர்கள். ஒருவர் மகாதேவன். இன்னொருவர் ஹாரிஸ், அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிக் கொண்டிருந்தவர்.

கிளினிக் மேனேஜர் டோனா வேறு கிளினிக்குகளில் விசாரித்துவிட்டு ஒரு வழியோடு வந்தாள். முப்பது நாளுக்கு மேல் யாருக்கும் தேதியே கொடுக்கக் கூடாது. இந்த மாதம் நிரம்பிவிட்டால், அடுத்த மாதம் முதல் தேதி கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட வேண்டியது. தேதி கிடைத்தவர்கள் எல்லோரும் முப்பது நாளுக்குள் வந்துவிடுவார்கள். உத்தரவும் நிறைவேறிவிடும்.

அப்படியே செய்தார்கள். மே மாதம் முதல் தேதி காலையில் கிளினிக்கின் போன்கள் அடித்த அடியில் டோனா இருக்கையை விட்டு எழவே முடியவில்லை. பத்து மணிக்குள் அந்த மாதத்தில் மிச்சமிருந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. அதன் பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டோனா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "டாக்டர், இந்தம்மா போன மாசமும் கூப்பிட்டாங்களாம். இப்பவும் இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள்.

அந்த சனிக்கிழமை சாந்தாமணியோடு இந்தியன் குரோசரிக்குக் காரில் போகும்போது அவர் பொருமித் தள்ளினார். அவள் முருங்கைக்காய் கிடைக்குமா என்ற யோசனையில்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். திடீரென்று திரும்பினாள்.

"ஏனுங்க, போன வருஷம் இதே மாசம் கூப்பிட்டிருந்தா எப்ப டேட் குடுத்திருப்பீங்க?"

"அப்பவும் மூணு, மூணரை மாசம்தான்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"நான் ஜாயின் பண்ணினப்பவே அப்படித்தான் இருந்துது. ஹாரிஸைக் கேட்டா பல வருஷமா அப்படித்தாம்பார்."

"அப்ப க்யூ வளரவே இல்லீங்களே."

"என்ன சொல்றே?"

"வர்றவங்களைப் பார்க்க உங்களால முடியலைன்னா, க்யூ வருஷா வருஷம் நீளமாயிட்டே போகோணும். இந்நேரம் மூணு வருஷம் கழிச்சு டேட் குடுத்துட்டு இருப்பீங்க. அப்படி ஆகலை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் புதுசாக் கூப்பிடறாங்களோ, அத்தனை பேரை நீங்க தினம் பார்த்துட்டுத்தான் இருக்கீங்க. ஆனா இன்னைக்குக் கூப்பிட்டவங்களைப் பார்க்கறதில்லை. மூணரை மாசம் முன்னாடி கூப்பிட்டவங்களைப் பார்க்கறீங்க. நடுவுல கிடக்கற அந்தப் பாக்கியை ஒரே ஒரு தடவை தீர்த்துட்டீங்கன்னா, கூப்பிட்ட அன்னைக்கே பார்த்துடலாம்."

மகாதேவன் காரை ஒரு மளிகைக்கடை பார்க்கிங்கில் ஓரம் கட்டிவிட்டார். அது அவர்கள் போக வேண்டிய கடை அல்ல. இத்தனை வருடமாக இத்தனை பேர் வலியோடு காத்திருந்தது எந்தக் காரணமும் இல்லாமலா? டாக்டர் பற்றாக்குறையால் இல்லையா? என்றைக்கோ ஒரு காலத்தில் சேர்ந்துபோன பாக்கி, யாரும் தொடாமல் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது.

"கணக்கு சரியா இருக்குமா சாந்தா?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குச் சரியா இருக்குதுங்க. மனுசங்களுக்கு எப்படின்னு நீங்கதான் பார்க்கோணும்."

ஹாரிஸ் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கதவை அப்படித் திறந்து வைத்தால் மொத்தக் கவுண்ட்டியும் உள்ளே வந்து நிற்கும். நீ இளைஞன், தாங்குவாய். நான் செத்தே போவேன்" என்றார். மகாதேவன் விவாதம் செய்யவில்லை. கோடைக்காலம் முடியும் வரை அவரிடம் அவகாசம் கேட்டார். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்களையும் மாதா மாதம் வரச் சொல்வது அங்கே ஒரு பழக்கம். ஆபத்தில்லாதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். அதிலேயே நிறைய இடம் காலியானது. மாலையில் கூடுதலாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். சனிக்கிழமைகளிலும் வந்தார். மூன்றாவது சனிக்கிழமை ஹாரிஸின் பிக்அப் டிரக்கும் வாசலில் நின்றது. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார்.

முன்பே தேதி வாங்கிக் காத்திருந்தவர்களை டோனா ஒருவர் ஒருவராகப் போனில் அழைத்தாள். அவளுக்குக் கை ஒழியாதபோது மகாதேவனே அழைப்பார். அப்படி ஒரு நாள் சேனாபதி என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹைவே ஓரத்து பெட்ரோல் பங்க் ஒன்றில் வேலை பார்க்கிறவர்.

"வணக்கம், நான் கிளினிக்லருந்து டாக்டர் பேசறேன். தமிழா நீங்க?"

"தமிழ்தான் சார். ராம்நாட் பக்கம். எனக்கு டேட் ஆகஸ்ட்லதானே?"

"இன்னைக்கே வர முடியுமா?"

"ஏன் சார், ஏதும் கேன்சல் பண்றீங்களா?"

"இல்லீங்க. பார்க்கத்தான் கூப்பிடறேன். உங்களுக்கு என்ன பண்ணுது?"

"பெரிசா ஒண்ணுமில்ல சார். கால்ல ஒரு புண்ணு. ஆற மாட்டேங்குது. டேப் சுத்தி வச்சிருக்கேன்."

அன்று மாலையே வந்தார். ஷூவைக் கழற்றினார். அது அட்டைப் பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப். மகாதேவன் அதை மெல்லப் பிரித்தபோது அறையில் நாற்றம் பரவியது. பெருவிரல் கறுத்திருந்தது. சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது.

"இதை வச்சுக்கிட்டா நின்னு வேலை பார்த்தீங்க?"

"என்ன சார் பண்றது, உட்கார்ற வேலை இல்லையே. ஆகஸ்ட் வரைக்கும் தள்ளிடலாம்னு பார்த்தேன்."

மகாதேவனுக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வலியோடு, ஒரு புகாரும் இல்லாமல் அந்த மனிதர் நாளைத் தள்ளியிருக்கிறார். டேப்பை நேராக, சுருக்கமில்லாமல், எவ்வளவு அக்கறையாகச் சுற்றியிருந்தார்! சேனாபதியை அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு விரல் போயிற்று. கால் தப்பியது. ஆகஸ்ட் வரை விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சியிருக்காது என்று அங்கிருந்த சர்ஜன் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் பாக்கி தீர்ந்தது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வருகிற லேபர் டே விடுமுறை முடிந்து கிளினிக் திறந்த செவ்வாய்க்கிழமை காலை, மகாதேவனின் நாள் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு காலை இருந்ததில்லை. வெயிட்டிங் ரூமில் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். டோனா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரிஸ் காபி கப்போடு வந்து வாசலில் சாய்ந்து நின்றார். "யாரும் கூப்பிடாவிட்டால் என்ன செய்வாய்?" என்றார். அதே மனிதர்தான் மொத்தக் கவுண்ட்டியும் வந்துவிடும் என்று பயந்தவர்.

போன் அடித்தது. டோனா, "இன்னைக்கு ரெண்டு மணிக்கு வர முடியுமா?" என்று கேட்டாள். வார்த்தை அவள் வாயில் இன்னும் பழகவில்லை. அடுத்த போன் அடித்தது. அதற்கடுத்ததும் அடித்தது. மதியத்துக்குள் நாள் நிரம்பியது. நிரம்பியது, வழியவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் ஏறக்குறைய அத்தனை பேர். திங்கட்கிழமை கொஞ்சம் கூடும், வெள்ளிக்கிழமை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மகாதேவனுக்கு அதுதான் பெரிய வியப்பாக இருந்தது. இந்தக் கவுண்ட்டியில் ஒருவரை ஒருவர் அறியாத ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு நோயில் விழுவதில்லை. ஒருத்தியின் குழந்தைக்குக் காது வலி, எங்கோ ஒரு கிழவருக்கு மூச்சுத் திணறல், கூரை வேய்கிற ஒருவனுக்கு முதுகுப் பிடிப்பு. ஒவ்வொருவருக்கும் அது தனக்கு மட்டுமே நேர்ந்த துன்பம். ஆனாலும் மாலையில் எண்ணிப் பார்த்தால் நேற்றைப் போலவேதான் இன்றும். எந்தக் கை இதை அளந்து ஊற்றுகிறது? சாந்தாமணியிடம் கேட்டார். "போன் கால்ஸும் அப்படித்தானுங்க. நானும் பத்து வருஷமாப் பார்க்கறேன். ஃபார்முலா தெரியும். ஏன் அப்படின்னு யோசிச்சா எனக்கும் திக்குனுதான் இருக்குது" என்றாள் அவள்.

நிபந்தனைக் காலம் முடிந்தது. டாலஸ் ஆஸ்பத்திரி ஒன்று அவரைக் கூப்பிடவும் செய்தது. அவர் போகவில்லை. ஹாரிஸ் ஓய்வு பெற்ற வருடம் புது டாக்டர் வருவதற்குள் காத்திருப்பு மறுபடி ஒன்றரை மாதமாக ஏறியது. மறுபடி ஒரு கோடைக்காலம் உட்கார்ந்து அதைத் தீர்த்தார்கள். பக்கத்துக் கவுண்ட்டிகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை.

2001 வசந்தத்தில் ஒரு நாள் மகாதேவன் டோனாவின் மேஜையருகே நின்றிருந்தபோது ஒரு பெண் போன் செய்தாள். டிரெய்லர் பார்க்கில் இருக்கிற வயதான அம்மாள். டோனா வழக்கம்போல, "மூணு மணிக்கு வர்றீங்களா?" என்றாள். பிறகு மறுமுனையில் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னவாம்?" என்றார் மகாதேவன்.

"அவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையாம், டாக்டர். கூப்பிட்ட அன்னைக்கே பார்க்கறோம்னு யாரோ சொன்னாங்களாம். நிஜமான்னு தெரிஞ்சுக்கக் கூப்பிட்டாங்களாம். 'நல்லது, வேணுங்கிறப்போ வர்றேன்'னு சொல்லி வச்சுட்டாங்க."

மகாதேவன் சிரிக்கவில்லை; இன்றைக்கே வர முடியுமா என்று கேட்கக்கூடத் தோன்றாமல் டேப் சுற்றிக்கொண்டு காத்திருந்த சேனாபதி நினைவுக்கு வந்தார். "அந்த மூணு மணியை வேற யாருக்காவது குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட வெயிட்டிங் ரூமுக்குப் போனார்.