பேச்சுவார்த்தைக்கு மூன்று பிரதிகள்

"துப்பாக்கி வச்சிருக்கிறவங்களோட உக்காந்து பேசினா சமாதானம் வந்துடுமாங்க?" என்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் கேட்டார். பக்கத்திலிருந்தவர் பதில் சொல்வதற்குள் தெப்பக்குளம் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். தட்டச்சுத் தொழிலும் இப்படித்தான். ஊரார் விஷயம் பாதி நம் கைக்கு வரும், மீதியை நாமாகக் கேட்க முடியாது. கூலிக்கு டைப் அடித்து விரல் நோகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில், பி.ஏ. முடித்த கையோடு, சேவியர் சாரின் டைப்பிங் கடையில் சேர்ந்தேன். இலங்கைப் போராளி இயக்கங்களின் ஆட்கள் திருச்சியில் வாடகை வீடுகளில் இருந்த காலம். அந்த நாட்டு அரசோடு பேச்சுவார்த்தை வரப்போகிறது என்று பேப்பரில் தினமும் வரும். இயக்கங்களின் கோரிக்கைகள் எங்களிடம் டைப்புக்கு வரும்.

பெஞ்சு

இரண்டு இயக்கங்களிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கண்ணாடிக்காரர், ஒருவர் தாடிக்காரர். பெயர் கேட்க எனக்குக் கூச்சம். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். நீள பெஞ்சின் இரு ஓரத்திலும் உட்கார்ந்து, நடுவில் மூன்று பேருக்கு இடம் விட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேவியர் சாருக்கு வாய் சும்மா இருக்காது. எதிரியோடு பேசக் காகிதம் தயார் செய்கிறீர்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேச மாட்டீர்களா என்று கேட்டார். கண்ணாடிக்காரர்தான் பதில் சொன்னார்: "எதிரியோட கதைக்கலாம் ஐயா, அவனை எங்களுக்குத் தெரியாது. இவன் என்னோட ஒரே வகுப்பிலை படிச்சவன்."

கார்பன்

ஒருமுறை பயன்படுத்திய கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அடித்ததெல்லாம் தெரியும். அதனால் இவர்கள் வேலைக்குப் புதுக் கார்பன் போட்டு, முடிந்ததும் அதையும் அவர்களிடமே கொடுத்துவிடுவது கடை வழக்கம். தாடிக்காரர் வந்து போன மறுநாள், கண்ணாடிக்காரர் என் குப்பைக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கார்பன் ஏதும் கிடக்கிறதா என்று மெல்லக் கேட்டார். தலையாட்டி மறுத்தேன்.

இரண்டு இயக்கங்களின் காகிதங்களையும் அடித்தவள் நான். நான்கு கோரிக்கைகளில் மூன்று ஒன்றேதான், வரிசைதான் வேறு. சொன்னால் என்ன என்று மனம் அடித்துக்கொண்டது. கடை சாத்தும்போது சேவியர் சாரிடம் கேட்டேன். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ சொன்னா, கடைக்காரி உளவு பார்த்தாள்னுதான் ஆகும். அவங்களே உக்காந்து பேசிக் கண்டுபிடிச்சாத்தான்மா அது நிக்கும்."

மனு

அகதி முகாமிலிருந்து மகேசுவரி அம்மா வந்தார். ஊரில் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவராம். அவருடைய ஒரே மகன் கண்ணாடிக்காரரின் இயக்கத்தில் இருந்தவன். மூன்று வாரமாகத் தாடிக்காரரின் இயக்கம் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. விடுவிக்கச் சொல்லி மனு அடிக்க வேண்டும், மூன்று பிரதி. 'கெஞ்சிக் கேட்கிறேன்' என்று நான் அடிக்கப் போனபோது, 'கேட்கிறேன்' போதும் என்றார். மகனுக்கு மூச்சு இழுப்பு உண்டு, ஈரத்தரையில் படுக்க விடக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தாடிக்காரர் வரும்வரை காத்திருந்து மனுவை நீட்டினார். அவர் படித்தார். ஈரத்தரை வரியில் கண் நின்றது. மேலிடத்தில் கதைக்கிறேன் என்று மடித்துப் பையில் வைத்தார். மகேசுவரி அம்மா இன்னொரு பிரதியை மேஜையில் வைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டார். இயக்கத்தில் யாரும் கையெழுத்து வைப்பதில்லை என்றார் தாடிக்காரர்.

"கதைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறியள். நாளைக்கு வந்து நான் ஆரைக் கேக்கிறது தம்பி?"

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

தாடிக்காரர் என் பேனாவை எடுத்து, இயக்கத்தில் வைத்த பெயரைப் பிரதியின் அடியில் எழுதினார். அதைக் கோடு போட்டு அடித்தார். அதன் கீழே தன் வீட்டுப் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் முழுதாக எழுதி, மகேசுவரி அம்மாவிடம் கொடுத்தார்.