மதிய மணியும் நாரி நோவும்

விடத்தல்தீவில் தாதியாக வேலை செய்கிறேன். உலக சுகாதார ஆராய்ச்சி படிக்க ஒரு பல்கலைக்கழகம் ஆள் எடுப்பதாக அறிந்து விண்ணப்பித்தேன். எங்கள் கரையில் கருவாடு காயவைக்கும் வாடியில் நாள் முழுக்கக் குனிந்திருந்து மீன் வெட்டும் பெண்களின் இடுப்பைப் பிடிக்கும் நாரி நோவுதான் நான் ஆராய எடுத்த விசயம்.

நேர்முகத் தேர்வு கைபேசி வீடியோவில் நடந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது, பேராசிரியை இப்படிக் கேட்கும்வரை:

"உடற்பயிற்சி சொல்லிக் குடுப்பீங்கள், சரி. வேலைக்கு நடுவில அவையள் எப்ப எழும்பிச் செய்வினம்?"

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் மதியச் செபத்துக்கு மணி அடித்தது. சின்ன வயதுப் பழக்கம். என்னை அறியாமலே எழும்பி, சிலுவை அடையாளம் போட்டு, செபத்தைத் தொடங்கிவிட்டேன். பாதியில்தான் கைபேசி ஞாபகம் வந்தது. அவருக்கு என் சேலை மடிப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும்! எல்லாம் போச்சுது என்று கதிரையில் பொத்தென்று இருந்தேன்.

பேராசிரியை சிரிக்கவில்லை. "மணி அடிச்சா வாடியிலயும் இப்பிடி எழும்புவினமோ?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ், கத்தியை வைச்சிட்டு எல்லாரும் எழும்புவினம்."

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. "அப்ப, எழும்பின கையோட பயிற்சியையும்..." என்று நான் இழுக்க, இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டோம். படிக்க இடமும் கிடைத்தது.

முன்பெல்லாம் ஆமென் சொல்லும்போதே நான் கதிரையைத் தேடுவேன். இப்போது மதியத்தில் வாடிக்குப் போய்விடுகிறேன். செபம் முடிந்ததும், மீன் வெட்டும் மெற்றில்டா அக்கா சத்தம் போடுவா:

"ஆண்டவருக்குச் சொல்லியாச்சு. இனி நாரிக்கு!"

எல்லோரும் இடுப்பில் கை வைத்து, வானத்தைப் பார்த்து வளைகிறோம்.