பின்னால் வரும் லாரி

லாரி டிரைவருக்கு ஊர் ஊராகப் போகிற ரோடெல்லாம் அத்துப்படி. சொந்த வீட்டுக்குள்தான் வழி தெரியாமல் நின்றார். அப்போதெல்லாம் கையில் போன் ஏது? லோடு ஏற்றிக் கிளம்பினால், ஆள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் வந்த சேதியே தெரியும். மகள் பிறந்தபோது அவர் ரோட்டில். அவள் எழுந்து நடந்தபோதும் ரோட்டில். அவளுக்கு நாலு வயதானபோது ஒரு முறை வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அவள் அம்மாவிடம் கேட்டாள்:

“அம்மா, இந்த மாமா எப்ப போவாங்க?”

வாங்கி வந்த பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு தையல் கடை நடத்தும் மைத்துனர் வந்து நாக்கைச் சொடுக்கினால் போதும், தாவி அவர் மடியில் ஏறிக்கொள்வாள். டிரைவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை விடிந்தால் மறுபடி லோடு. அதற்குள் ஒரே ஒரு தடவை அந்த வாயால் ‘அப்பா’ கேட்டுவிட வேண்டும்.

“என்ன மாப்பிள்ளை, கொக்கு மாதிரி நின்னா ஆச்சா? தரையில உக்காந்து விளையாடுங்க,” என்றார் மைத்துனர்.

“எனக்கு என்னங்க விளையாடத் தெரியும்? வண்டிய ஓட்டுவேன், ரிவர்ஸ் எடுப்பேன்.”

“அப்ப அதையே எடுங்க!” என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

கிண்டலுக்குத்தான் சொன்னாள். மனுஷன் அதையே பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் கடைக்குப் போன பிறகு, கூடத்தில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

“லாரி பின்னாடி வருது! யாராவது நின்னு வழி சொல்லுங்க. இல்லேன்னா குடத்துல மோதிடும்.”

லாரி மெல்ல நகர்ந்தது. குடத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது கதவிடுக்கிலிருந்து ஒரு குரல்:

“நில்லு!”

லாரி கப்பென்று நின்றது.

மனைவி சிரித்துக்கொண்டே வந்து, அவர் வலது மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு மாட்டினாள், மகளுக்கும் ஒன்று. “சிவப்பு இருக்கிற பக்கம் வலது. இல்லாத பக்கம் இடது. சொல்லுடி.”

டிரைவரின் முதுகைப் பார்த்தபடி அவள் வழி சொன்னாள். வலது என்றால் லாரி வலப்பக்கம் வந்தது, இடது என்றால் இடப்பக்கம். பெட்டியைச் சுற்றி, கட்டிலைச் சுற்றி, கீறல் விழாமல் போனது. மதியத்துக்குள் அவளுக்கு வலமும் இடமும் மனப்பாடம். ஆனால் முதுகோடுதான் பேச்செல்லாம்; முகத்துக்கு எதிரே ஒரு தடவைகூட வரவில்லை.

சாயங்காலம் மறுபடி லாரி கிளம்பியது. “வலது! இன்னும் வலது!” டிரைவர் நம்பிப் போனார். தடால்! பாத்திர அலமாரியில் மோதியதில் தட்டும் தம்ளரும் தலையில் கொட்டின.

“வலதுன்னா வலது போகணும்! இந்தப் பக்கம்!” என்று கத்தினாள் அவள்.

“வலதுதாம்மா வந்தேன்...”

துண்டை அவிழ்த்தார். மகள் அவர் மூக்குக்கு நேரே நின்றுகொண்டு, சிவப்புக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்ணைக் கட்டிய முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க முன்னால் வந்திருக்கிறாள். எதிரே நின்றதும் அவள் வலது அவருக்கு இடதாகிவிட்டது. நெற்றி வீங்கினாலும் டிரைவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எதிரெதிரே உட்கார்ந்து கையோடு கை வைத்துப் பார்த்தார்கள். சிவப்புக்கு எதிரே வெறுங்கை. அவர் முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தால் இரண்டு சிவப்பும் ஒரே பக்கம் வந்தன. அவளுக்கு அது பெரிய அதிசயம். திருப்பித் திருப்பி உட்கார வைத்தாள்.

கடை அடைத்து வந்த மைத்துனர் வாசலிலேயே நாக்கைச் சொடுக்கினார். லாரி அப்போது பாதிக் கூடத்தில் இருந்தது. அவள் திரும்பக்கூட இல்லை.

“மாமா, தள்ளி நில்லுங்க! அப்பா பின்னாடி வர்றாங்க!”

லாரி அங்கேயே நின்றுவிட்டது.

“ஏன் நின்னுடுச்சு?” என்றாள் மனைவி.

“இன்ஜின் சூடாயிடுச்சு,” என்றார் டிரைவர், கண்ணில் கட்டிய துண்டை அவிழ்க்காமல்.