ஓயாமல் கத்திய பசு

ரொறன்ரோவில் நான் செய்யாத வேலை குறைவு. போன வருஷம் நான் இருந்த வெக்ஸ்போர்ட் பகுதியிலிருந்து வேலையாட்களை ஏற்றும் வான் வண்டியில் போய், நகரத்துக்கு வெளியே ஒரு பால் பண்ணையில் சேர்ந்தேன். அங்கே ஒரு பசு கிழமைக்கொருதரம் பருவத்துக்கு வந்து கத்தும், மற்ற மாடுகள் மேல் ஏறும். லேசாய்ச் சினை பிடிக்கிற நல்ல பசு என்று நினைத்து ஒவ்வொரு முறையும் முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சினை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. கடைசியில் இறைச்சிக்கு அனுப்ப முடிவெடுத்தார்.

"நீ ஓடி ஓடிச் சொன்ன மாடு லொறியில போகப்போகுதடா," என்று கூட வேலைசெய்த செல்வமண்ணை நக்கலடித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருதரம் வைத்தியருக்குக் காட்டுங்கோ என்று முதலாளியைக் கெஞ்சினேன். வைத்தியர் ஸ்கான் பண்ணியபோது சூலகத்தில் நீர்க்கட்டி தெரிந்தது. முட்டையை வெளியேற்றும் ஹோர்மோன் நேரத்துக்குச் சுரக்காததால் வந்த கட்டியாம். ஓயாமல் கத்தியதும் அதனால்தானாம். ஹோர்மோன் ஊசி ஒன்று போட்டார், சில நாள் கழித்து இன்னொன்று. பசு அடங்கியது. அடுத்த பருவத்தில் சினை பிடித்தது. அதையும் நான் கத்திக்கொண்டே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஓம், இனி நீயும் கத்தாதை," என்றார் செல்வமண்ணை.

இப்போது ஒரு மாடு அடிக்கடி கத்தினால் நான் சந்தோசப்படுவதில்லை. வைத்தியரைத்தான் கூப்பிடச் சொல்கிறேன். அந்தப் பசு இந்த மாதம் கன்று போடும். அதுவரைக்குமாவது வேலை மாறுவதாக இல்லை.