மீன் கேம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்

கேம் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு காது போதாது: ஒன்று டிவிக்கு, ஒன்று றோட்டுக்கு என்று போய்விட்டால் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்க மிச்சம் இராது. சண்டைக் காலத்தில் மட்டக்களப்பில் கடை திறந்து வைத்திருந்தவர்களே, நீங்கள் எதை விற்றிருந்தாலும் இந்த வியாதி உங்களுக்கும் இருந்திருக்கும். என்னிடம் இருந்தவை இரண்டு டிவி, இரண்டு கேம் மெஷின், கரண்ட் போனால் கத்தும் ஒரு ஜெனரேட்டர், வாசலில் ஆட்கள் காசு கொடுத்துக் கோல் எடுக்க ஒரு போன்.

சாகாத மீன்

கொழும்பிலிருந்து வந்த சிடிக்களில் ஒன்று மீன் கேம். வெள்ளி நிற மீன் ஒன்று மலையிலிருந்து ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒரு வடிவை நான் டிவியில் கண்டதில்லை. விரலை இலேசாகச் சரித்தால் மீனும் சரியும், தண்ணீரும் கூடவே வளையும். கல்லில் முட்டினால் தண்ணீரே விலக்கி விட்டுவிடும். சாவு கிடையாது, தோல்வி கிடையாது, அரை மணித்தியாலத்தில் கடல் வந்துவிடும்.

எனக்கு அதுதான் கவலை. முடித்தவன் எழும்பிப் போய்விடுவான், செத்தவன்தான் "இன்னொருக்கா" என்று இருப்பான். மணிக்கணக்கில் காசு வாங்கும் எங்கள் தொழில் அப்படி. பகல் சாப்பாட்டு நேரத்தில் வரும், கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரின் கிளாக்கர் ஒருவர் முதல் தடவையே மீனைக் கடலில் சேர்த்துவிட்டு, நான் ஏதோ ஏமாற்றிவிட்டது போல என்னைப் பார்த்தார்.

"சாகவும் ஏலாது, தோக்கவும் ஏலாது. இதென்ன கேம் ஐசே?"

அக்கா கேட்ட கேம்

மங்களம் அக்காவுக்குப் பக்கத்துத் தெருவில் பெண்கள் தையல் கடையில் வேலை. கிரான் கிராமத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு, பதினெட்டு வயது மகன் சுதனோடு டவுனில் ஒரு அறை எடுத்து இருந்தார். அந்த வயதுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன நாட்கள் அவை. யார் பிடித்தது என்று அப்போது எவரும் சத்தமாகக் கேட்டதில்லை, நானும் இப்போது சொல்லப்போவதில்லை. மூத்த மகளின் புருஷன் கத்தாரிலிருந்து விசா அனுப்பும் வரைக்கும் சுதன் யார் கண்ணிலும் படக்கூடாது. அறையில் தனியே விட்டால் வந்து கதவைத் தட்டுவார்கள். தையல் கடையில் ஆண்களை இருத்த மாட்டார்கள்.

ஆகவே காலையில் அவனை என் கடையின் உள்மூலையில் இருத்திவிட்டுப் போய், நாலு மணிக்கு வந்து கூட்டிப்போவார். அவன் மீன் கேமைக் கண்டபிறகு வேறெதையும் தொடவில்லை. அது சட்டென்று முடிகிற கேம் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"முடியாத கேமாப் போட்டுக் குடுங்க தம்பி. நான் வாறமட்டும் அவன் ஒழும்பக் கூடாது."

கோட்டை வாசல்

மீன் சிடியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கோட்டைக் கேமைப் போட்டுக் கொடுத்தேன். அதன் வாசலில் நிற்கும் அரக்கனை எங்கள் கடையில் எவரும் தாண்டியதில்லை. இரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் பதினொரு மணி போல நான் பின்பக்கம் ஜெனரேட்டருக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்து பார்த்தால் கதிரையில் ஆள் இல்லை. டிவியில் அரக்கன் மட்டும் நின்றான்.

ஆள் பிடிக்க நம்பர் பிளேட் இல்லாத வெள்ளை வான் ஒன்று டவுனில் சுற்றுவதாக அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன். தேத்தண்ணிக் கடையில் இல்லை. பஸ் நிலையத்தில் இல்லை. அக்காவுக்கு என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். கடைசியில் வாவிக்கரைக் கல்சுவரில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். கொஞ்சம் தள்ளி ஒரு வான் நின்றது. அது கிளம்பி எங்களைக் கடக்கும் வரைக்கும் அவன் தோளை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். மரக்கறி ஏற்றிய வான். ஏசுவதற்கு வாயைத் திறந்தேன், அவன் முந்திக்கொண்டான்.

"சும்மா செத்துச் செத்து அலுத்துப் போச்சண்ண. மீன் கேமையும் நீங்க எடுத்து வெச்சிட்டீங்க, தண்ணிய இஞ்சதான் வந்து பாக்கலாம்."

நாலாவது தடவை

மீனைத் திருப்பிக் கொடுத்தேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தைரியமில்லை. மூன்று மாதம் அவன் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. கல்லில் முட்டாமல் ஒரு தடவை, இடது கரையோடே ஒரு தடவை, எவ்வளவு மெதுவாகப் போகலாம் என்று ஒரு தடவை. பிறகு விசா வந்தது. கொழும்புக்கு பஸ் ஏறினான். வழியில் எத்தனை செக்பொயின்ட் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விமான நிலையத்துக்குள் போனதும் என் கடைக்குக் கோல் எடுப்பதாகப் பேச்சு.

மறுநாள் காலை அக்கா தைக்கப் போகாமல் என் கடைக்கு வந்துவிட்டார். போனையே பார்த்துக்கொண்டு இருந்தவரின் கையில் நான்தான் ஜொய்ஸ்டிக்கைக் கொடுத்தேன். தட்டுத்தடுமாறி மீனைக் கடலில் சேர்த்துவிட்டு என்னை ஏசினார்: "இவ்வளவு லேசான கேமையா தம்பி இத்தின நாளும் என்ட புள்ளைக்குக் குடுத்த?" பிறகு இன்னொரு தடவை போடச் சொன்னார். நாலாவது தடவை மீன் பாதி ஆற்றில் நிற்கும்போது போன் அடித்தது. "உள்ளுக்குப் போயிட்டியா மனே?" என்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். வைத்துவிட்டுச் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வீட்டுக்குப் போவார் என்று பார்த்தேன், திரும்பவும் கதிரையில் வந்து இருந்தார்.

"இரிங்க தம்பி, இது வழியில நிக்குது. கொண்டுபோய் விட்டுத்து வாறன்."

லேசான கேம் வைத்தால் கடை உருப்படாது என்று இன்றைக்கும் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன், அந்த சிடி தேய்ந்து ஓடாமல் போனபோது இன்னொன்றுக்காகக் கொழும்பு வரைக்கும் அலைந்ததை மட்டும் சொல்வதில்லை.